வீட்டுக் கோழிச் சாவைக் குறைக்க: சொட்டு மருந்தில் எங்கே கோட்டை விடுகிறோம்?

கூடு, தண்ணீர்க் குவளை, குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் பல்பு எல்லாம் தயார் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். பத்து இருபது நாட்டுக்கோழி வளர்ப்பவர் வீட்டில் ஒரே வாரத்தில் கூடு காலியாகிறது என்றால், முதல் சந்தேகம் வெள்ளைக்கழிச்சல் மேல்தான். ராணிக்கெட், கோழிக்கழிச்சல் என்பதும் இதுதான். வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணீர் போல எச்சம், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், மூலையில் நின்று உறங்கி விழுதல். பிழைத்ததற்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும், கால் இழுக்கும். இது வைரஸ், வந்த பிறகு குணமாக்க மருந்து இல்லை. கடையில் கொடுக்கும் ஆன்டிபயாடிக் பவுடர் இதை ஒன்றும் செய்யாது. வருமுன் தடுப்பது ஒன்றுதான் வழி.

படி 1: எந்த வயதில் எது

7ஆம் நாளுக்குள் எஃப்1 அல்லது லசோட்டா (இரண்டும் வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்து), கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. 14ஆம் நாள் கம்போரோ (குஞ்சின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் வைரஸ் நோய்) தடுப்புச் சொட்டு. 21 முதல் 28ஆம் நாளுக்குள் மறுபடி லசோட்டா. 6ஆம் வாரம் அம்மைத் தடுப்பூசி. 8ஆம் வாரம் ஆர்2பி ஊசி (இதுவும் வெள்ளைக்கழிச்சலுக்குத்தான்), 0.5 மி.லி., இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே.

ஆர்2பி வீரியமான மருந்து. முன்னால் லசோட்டா போடாத சின்னக் குஞ்சுக்கு நேராக இதைக் குத்தினால், தடுப்பூசியே நோயைக் கொடுத்துவிடும். ஒரு வாரம் முன்பே குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். முட்டையிடும் கோழிக்குப் போட்டால் சில நாள் முட்டை குறையும்.

படி 2: மருந்தைச் சூடாகாமல் கொண்டுவருவது

"சொட்டு போட்டேன், அப்படியும் செத்துப்போச்சு" என்பவர்களில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். குப்பியில் இருப்பது உயிருள்ள வைரஸ். சட்டைப் பையில் போட்டு வெயிலில் பைக்கில் கொண்டுவந்தால் வழியிலேயே செத்துவிடும். வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது.

கடைக்குப் போகும்போதே ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கை எடுத்துப் போங்கள். பாலித்தீன் பையில் ஐஸ் கட்டித் தருவதை நான் நம்பமாட்டேன். அரை மணி நேரத்தில் அது தண்ணீர். கடைக்காரர் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் தருகிறாரா, காலாவதி தேதி என்ன என்று பாருங்கள். குப்பிக்குள் மருந்து உலர்ந்த வில்லையாக இருக்க வேண்டும். ஈரமாகப் பிசுபிசுத்து ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள். வீட்டில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில், ஃப்ரிட்ஜின் உள்தட்டில் வையுங்கள். கதவுப் பக்கம் வேண்டாம்.

கலக்குவது காலையில், இல்லையென்றால் வெயில் தாழ்ந்த பிறகு. கூடவே வரும் கரைசலும் குளிர்ந்திருக்க வேண்டும். சிரிஞ்சை டெட்டாலிலோ ஸ்பிரிட்டிலோ கழுவினால் தடுப்பு மருந்தும் சேர்ந்து சாகும். புது சிரிஞ்சு போதும். கலக்கியதை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

குஞ்சின் தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒரு கண் மேலே பார்க்கப் பிடித்து ஒரு சொட்டு. சொட்டு உள்ளே இறங்கி அது கண்ணைச் சிமிட்டும் வரை கையை எடுக்க வேண்டாம். தலையை உதறி வெளியே தள்ளினால் இன்னொரு சொட்டு. குடிதண்ணீரில் கலந்து கொடுப்பது பத்துக் கோழிக்குத் தேவையில்லாத வேலை: குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் மருந்தைக் கெடுக்கும், எந்தக் கோழி எவ்வளவு குடித்தது என்றும் தெரியாது.

*பின்சேர்க்கை:* "100 டோஸ் குப்பி, என்னிடம் 12 கோழிதான். மீதியை நாளைக்கு வைக்கலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். வைக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கும் அதே நாளில் போட்டுவிடுங்கள். வேலி தாண்டி வரும் நோய் குறைந்தால் லாபம் உங்களுக்கும்தான். கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் நடத்தும் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் இலவசமாகவே போடுவார்கள். அதற்குப் பிறகு பொரித்த குஞ்சுகளுக்கு நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி 3: ரத்தக்கழிச்சலைப் பிரித்தறிவது

3 முதல் 8 வார வயதுக் குஞ்சு, எச்சத்தில் ரத்தம், இறகைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். ஈரமான தரையில் பெருகும் ஒட்டுண்ணிக் கிருமிதான் காரணம். இதற்கு மருந்து உண்டு: 20 சதவீத ஆம்ப்ரோலியம் பவுடர், லிட்டருக்கு 1.2 கிராம், 5 நாள். வேறு தண்ணீர் வைக்காதீர்கள். சத்துக்காக என்று அதே நாட்களில் பி காம்ப்ளெக்ஸ் டானிக் கொடுத்தால் காரியம் கெடும். ஆம்ப்ரோலியம் வேலை செய்வதே அந்தக் கிருமிக்கு பி1 கிடைக்காமல் தடுத்துத்தான். டானிக்கை மருந்து முடிந்த பிறகு கொடுங்கள். உமி நனைந்த இடத்தை அன்றே அள்ளி மாற்றுங்கள். தண்ணீர்க் குவளையைக் கோழியின் முதுகு உயரத்துக்கு ஏற்றி வைத்தால் பாதிச் சிந்தல் நிற்கும்.

கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் என்றால் அம்மை. கொசு பரப்புவது. கண் மூடிக்கொண்டு தீவனம் தெரியாமல் பட்டினியாகவே பல குஞ்சுகள் சாகும். கண்ணைத் துடைத்துவிட்டு, கையால் தீனி கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும்.

படி 4: சந்தைக் கோழி

புதிதாக வாங்கிய கோழியை நேராகக் கூட்டில் விடாதீர்கள். 3 வாரம் தனிப் பஞ்சாரம், தனித் தட்டு. தினமும் முதலில் பழைய கோழிகளைக் கவனித்துவிட்டு, கடைசியாகத்தான் அதனிடம் போக வேண்டும். செருப்பிலும் கையிலும் நோய் வரும்.

படி 5: செத்தால்

ஒன்று செத்தவுடன் சீக்குக் கோழிகளைப் பிரியுங்கள். அறுத்துத் தின்பதும், மலிவாக விற்பதும், வாய்க்காலில் வீசுவதும்தான் நோயை ஊர் முழுக்கக் கொண்டுபோகிறது. 3 அடிக் குழி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். ஒரே நாளில் பல செத்தால் வெறும் கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். அவர் பிரேதப் பரிசோதனைக்குக் கேட்டால், பிணத்தை இரண்டு பாலித்தீன் பையில் கட்டி ஐஸ் மேல் வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள். ஃப்ரீசரில் உறைய வைத்தால் உறுப்புகளைப் பார்த்துச் சொல்வது கஷ்டம்.

பழைய உமி முழுவதையும் எடுத்துவிட்டு, சுண்ணாம்பு அடித்து, கூட்டைக் குறைந்தது 3 வாரம் காயவிட்ட பிறகே அடுத்த குஞ்சு.