அலியா, லூயிஸா, மார்சியானோவா: வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன்களை எப்படி ஒப்பிடுவது

முதலில் வெற்றி தோல்விக் கணக்கை ஓரமாக வையுங்கள். ராக்கி மார்சியானோ 49 சண்டையில் ஒன்றிலும் தோற்கவில்லை, முகமது அலி 61இல் 5 தோற்றார், அதனால் மார்சியானோதான் பெரியவர் என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். யாரை, அவருடைய எந்த வயதில் வென்றார் என்று பாருங்கள். 1951இல் மார்சியானோ ஜோ லூயிஸை எட்டாவது ரவுண்டில் சாய்த்தபோது லூயிஸுக்கு 37 வயது. 25 முறை பட்டத்தைக் காப்பாற்றிய அந்தப் பழைய லூயிஸ் அன்று மேடையில் இல்லை. 1980இல் அலி லாரி ஹோம்ஸிடம் அடி வாங்கியதும் அப்படித்தான், அதை இன்றுவரை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை.

ஆக, ஒவ்வொருவருக்கும் உச்சத்தில் இருந்த ஓர் ஆண்டைப் பிடியுங்கள். அலிக்கு நான் 1966ஐ எடுப்பேன். ஹூஸ்டனில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸுடன் மோதிய சண்டையின் வீடியோவைப் போட்டு, கையை விட்டுவிட்டு அவர் காலை மட்டும் பாருங்கள்: பின்னால் நகர்ந்துகொண்டே குத்துகிறார், எதிராளி எட்டிப் பிடிப்பதற்குள் இடம் மாறிவிடுகிறார், மூன்றாவது ரவுண்டில் கதை முடிகிறது. சரி, அப்புறம் எதிராளியையும் விசாரிக்க வேண்டும். வில்லியம்ஸ் 1964இல் போலீஸ் துப்பாக்கியால் குண்டடி பட்டுப் பிழைத்தவர், பழைய பலம் அவரிடம் இல்லை. எனவே அந்தச் சண்டை அலியின் வேகத்துக்குச் சாட்சி, அவ்வளவுதான். நெஞ்சுரத்துக்குச் சாட்சி வேண்டுமென்றால் 1974இல் கின்ஷாசா நகரில் நடந்த சண்டைக்குப் போங்கள். 32 வயதில், கால் பழையபடி ஓடாத நிலையில், கயிற்றில் சாய்ந்து ஜார்ஜ் ஃபோர்மேனின் அடிகளைத் தாங்கி, அவரைக் களைக்கவிட்டு எட்டாவது ரவுண்டில் வீழ்த்தினார். ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி வைத்திருக்கிறாரா என்பதைத்தான் நான் எல்லாரிடமும் தேடுவேன்.

எடையை மறக்காதீர்கள், ஆனால் அதற்கு அடிமையாகவும் வேண்டாம். மார்சியானோ சுமார் 84 கிலோ, இன்றைக்கு ஹெவிவெயிட்டுக்குக் கீழே உள்ள க்ரூஸர்வெயிட் எடைப்பிரிவில்தான் நிற்பார். அதே சமயம் 2024இல் 101 கிலோ உசிக், 119 கிலோ டைசன் ஃப்யூரியைப் புள்ளிகளில் வென்றார்.

கடைசியாக, கற்பனைச் சண்டை எத்தனை ரவுண்டு என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அன்று பட்டச் சண்டை 15, இன்று 12. 1952இல் ஜெர்சி ஜோ வால்காட்டிடம் மூன்று நடுவர்களின் கணக்கிலும் பின்தங்கியிருந்த மார்சியானோ, ஒரே வலது கைக் குத்தில் பட்டத்தைப் பறித்தது 13ஆவது ரவுண்டில்.