ஸ்லைடு-அவுட் கோணலாக நிற்கிறதா? கிரீஸ் டப்பாவை ஓரமாக வையுங்கள்

மோட்டார்ஹோமின் (வீடாகவே அமைத்த வண்டியின்) ஸ்லைடு-அவுட், அதாவது நிறுத்திய இடத்தில் பக்கவாட்டில் வெளியே நீளும் அறை, முனகினாலும், பாதியில் நின்றாலும், ஒரு பக்கம் முந்திக்கொண்டு போனாலும் முதலில் கை போவது கிரீஸ் டப்பாவுக்குத்தான். பெரும்பாலும் கோளாறு அங்கே இல்லை. பேட்டரி இறங்கியிருக்கும், எர்த் வயர் துருப்பிடித்திருக்கும், இல்லையென்றால் யாரோ சுவிட்சைச் சீக்கிரமே விட்டிருப்பார்கள்.

எந்த வகை என்று பாருங்கள்

அறைக்கு அடியில் பல் வெட்டிய இரும்புத் தண்டுகளும் ஒரு மோட்டாரும் இருந்தால் ரேக்-பினியன். சிலிண்டரும் எண்ணெய்க் குழாயும் போனால் ஹைட்ராலிக். மூலைகளில் எஃகு கம்பிவடம் தெரிந்தால் கேபிள் வகை. அறையின் பக்கச் சுவரில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று பல் வெட்டிய அலுமினியப் பட்டை ஓடினால் ஷ்விண்டெக். கோணல் புகார் அதிகம் வருவது இந்தக் கடைசி வகையில்தான். இதில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மோட்டார், இரண்டையும் சமமாக ஓட்டுவது ஒரு கன்ட்ரோலர்.

முதலில் மல்டிமீட்டர்

வேலைக்கு வேண்டிய ஒரே உயர்ந்த கருவி இதுதான். முழுதாகச் சார்ஜ் ஏறி, சற்று நேரம் சும்மா இருந்த 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அறை நகரும்போது அளப்பதுதான் அளவு.

சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும், கறுப்பு முனையைக் கன்ட்ரோலரின் பாசிட்டிவ் ஸ்குரூவிலும் வையுங்கள். இன்னொருவர் சுவிட்சை அழுத்தட்டும். மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ மின்சாரம் தடைபடுகிறது: தளர்ந்த லக் (வயர் நுனியில் இருக்கும் உலோக இணைப்பு), பச்சை பூத்த முனை, களைத்துப்போன சர்க்யூட் பிரேக்கர். இதையே நெகட்டிவ் பக்கமும் செய்யுங்கள். பலர் பாசிட்டிவோடு நிறுத்திவிடுகிறார்கள். அடித்தளச் சட்டத்தில் திருகியிருக்கும் எர்த் போல்ட் சேறும் தண்ணீரும் பட்டுத் துருவேறிக் கிடக்கும். கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்குங்கள்.

வெளி மின் இணைப்பு இருக்கிறதே என்று பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டாதீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்குவது பேட்டரிதான்.

ஷ்விண்டெக்கை நேராக்குவது

கன்ட்ரோலர் இரு மோட்டார்களின் சுற்றுகளையும் உள்ளே இருக்கும் ஹால் சென்சார் மூலம் எண்ணிக்கொண்டே இருக்கிறது. அறை ஓரம் வரை போய் இரண்டு மோட்டாரும் தாமாக நிற்கும்போதுதான் அதற்கு முனை எது என்று தெரியும். சுவரைத் தொட்டதும் நாம் விரலை எடுத்துவிட்டால், ஒரு மோட்டார் இரண்டு மில்லிமீட்டர் பின்தங்கியிருந்தாலும் கணக்கு பிசகுகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, ஒரு நாள் கோணலாகச் சிக்கிக்கொள்கிறது. அறை நின்ற பிறகும், இரு பக்கச் சத்தமும் அடங்கும்வரை சுவிட்சை விடாதீர்கள்.

கோணல் விழுந்துவிட்டால்:

1. முழுதாக வெளியே தள்ளி, மோட்டார்கள் தாமாக நிற்கும்வரை சுவிட்சைப் பிடித்திருங்கள்.
2. ஓரிரு அங்குலம் மட்டும் உள்ளே இழுங்கள்.
3. மறுபடி முழுதாக வெளியே, மறுபடி தானாக நிற்கும்வரை.
4. இரு பக்கமும் ஒரே சமயத்தில் வந்து ஒட்டும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். இரண்டு தடவையில் முடியவில்லை என்று கைவிடுபவர்கள்தான் அதிகம். ஐந்தாறு தடவை ஆகலாம்.

அசையவே மறுத்தால் கன்ட்ரோலர் விளக்குகளைப் பாருங்கள். பச்சை ஒரு முறை மின்னினால் முதல் மோட்டார், இரண்டு முறை என்றால் இரண்டாவது. சிவப்பு மின்னும் எண்ணிக்கை கோளாறைச் சொல்லும்: 3 என்றால் பேட்டரி குறைவு, 5 என்றால் மோட்டார் அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுக்கிறது, 8 என்றால் ஹால் சென்சார் சமிக்ஞை வரவில்லை. 8 வந்தால் உடனே புது மோட்டார் வாங்கப் போகாதீர்கள். மோட்டாருக்குப் போகும் பிளக்கைக் கழற்றி, பின்கள் வளைந்திருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று பார்த்துத் திரும்பச் செருகுங்கள். அதற்கப்புறம் கன்ட்ரோலர் பக்கம் இரு மோட்டார் பிளக்குகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறு மோட்டாரோடு நகர்ந்தால் மோட்டார் அல்லது அதன் வயர். அதே எண்ணிலேயே நின்றால் கன்ட்ரோலர். பார்த்து முடித்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள்.

அவசரத்துக்கு: கன்ட்ரோலரில் உள்ள மோட் பட்டனை வேகமாக 6 முறை தட்டி, 7-ஆவது முறை இரு விளக்கும் மின்னும்வரை சுமார் 5 நொடி அழுத்திப் பிடியுங்கள். அதன்பின் சுவர் சுவிட்சால் அறையை உள்ளே எடுக்கலாம். இந்த நிலையில் கன்ட்ரோலரின் பாதுகாப்புக் கணக்குகள் வேலை செய்யாது. ஒருவர் வெளியே நின்று இரு ஓரத்தையும் பார்த்தே ஆக வேண்டும். அதுவும் பலிக்காமல் மோட்டாரை மேலே தூக்கி விடுவித்து அறையைக் கையால் தள்ளினால், வண்டியை எடுக்குமுன் மோட்டாரைத் திரும்ப உட்காரவைத்து பிளக்கையும் செருகுங்கள். ஓடும் வண்டியில் அறையைப் பிடித்து நிறுத்துவது அந்த மோட்டார்கள்தான்.

மற்ற வகைகளுக்குச் சுருக்கமாக: ஹைட்ராலிக்கில் அறை நின்ற பிறகு மூன்று நான்கு நொடி சுவிட்சைப் பிடித்தால் அழுத்தம் ஏறி நிற்கும். எண்ணெய் அளவை அறைகளும் வண்டியைத் தாங்கும் ஜாக்குகளும் முழுதாக உள்ளே இருக்கும்போது பாருங்கள். வெளியே நீட்டிய நிலையில் குறைவாகத் தெரிகிறதே என்று ஊற்றினால், உள்ளே எடுக்கும்போது வழிந்து ஓடும்.

சுத்தமும் சீலும்

பல்தண்டில் கெட்டிக் கிரீஸ் வேண்டாம். மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு உப்புத்தாள் மாதிரி பல்லைத் தின்னும். பிரஷ்ஷால் தட்டி, உலரும் வகை டெஃப்லான் ஸ்பிரே லேசாக அடித்தால் போதும். ரப்பர் சீலைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் ரப்பருக்கான கண்டிஷனர் பூசுங்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பிக் கெட்டுப்போகும். உள்ளே இழுக்கும் முன் அறையின் கூரையில் கிடக்கும் சருகைத் தள்ளிவிடுங்கள். ஒரு சுள்ளி போதும், சீலைக் கிழிக்க.

தரை மாற்றுவோர் கவனத்துக்கு

கம்பளத்தை உரித்துவிட்டு லாமினேட் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். 8 மில்லிமீட்டர் லாமினேட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோ. 3.5 சதுர மீட்டர் ஸ்லைடு-அவுட் என்றால் 25 கிலோ, அதுவும் தினமும் மோட்டார் இழுக்கும் பாரம். அதைவிட உயரம்தான் வம்பு. உள்ளே வரும்போது அறையின் அடிப்பகுதி வண்டியின் தரைக்கு மேலே வழுக்கிக்கொண்டு வரும். அறையைப் பாதி உள்ளே எடுத்து நிறுத்தி, பேட்டரி இணைப்பைத் துண்டித்துவிட்டு, பழைய விசிட்டிங் கார்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி அந்த இடைவெளியில் செருகிப் பாருங்கள். நுழைந்த அடுக்கின் தடிமனை அளந்தால் கையில் உள்ள இடம் தெரியும். நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கிறதென்றால், இரண்டு மில்லிமீட்டர் வினைல் விரிப்பை முழுதாகப் பசை தடவி ஒட்டுவதே சரி. பசையில்லாமல் கிளிக் செய்து மாட்டும் பலகை அறை ஏறி இறங்கும் பாதையில் நிற்காது, பெயர்ந்து வரும்.

அலமாரி மாட்டும்போது, பக்கச் சுவரில் நீள ஸ்குரூ வேண்டாம். மறுபக்கம் எட்டிப்பார்க்கும் கால் அங்குல முனை அலுமினியப் பட்டையிலோ கேபிளிலோ உரசினால் அறை அங்கேயே சிக்கும். சுவரின் தடிமனை அளந்து, அதைவிடக் குறைந்தது 5 மில்லிமீட்டர் குட்டையான ஸ்குரூவை எடுங்கள்.