கொல்லைத் தோட்டத்துக்கு முதல் வேலை வடிகால்

காவிரி டெல்டாவில் கொல்லைக் காய்கறிக்கு வெயிலைவிட ஐப்பசி மழைதான் எமன். ஆடியில் விதைத்தது புரட்டாசியில் தளதளவென்று நிற்கும். ஐப்பசியில் ரெண்டு நாள் அடைமழை பெய்தால் மூன்றாம் நாள் அடி இலை மஞ்சளாகும், ஒரே வாரத்தில் செடி காலி. சத்துக் குறைவு என்று நினைத்து அந்த நேரத்தில் எருவைக் கொட்டுவார்கள். எருவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. களிமண்ணில் தண்ணீர் நின்றுவிட்டால் வேருக்குக் காற்று கிடைக்காது. மூச்சு முட்டிய வேர் பக்கத்தில் எவ்வளவு எரு கிடந்தாலும் எடுக்காது. நெல் மட்டும் எப்படித் தாங்குகிறது என்றால், அது தன் தண்டு வழியாகவே வேருக்குக் காற்றை இறக்கிக்கொள்ளும். கத்தரிக்கும் வெண்டைக்கும் அந்த வசதி கிடையாது.

ஆகவே விதை வாங்குவதற்கு முன் மண்வெட்டியை எடுங்கள்.

முதலில் உங்கள் மண் எது என்று பாருங்கள். கும்பகோணம், மாயவரம், திருவாரூர், மன்னார்குடிப் பக்கம் பெரும்பாலும் களி. கோடையில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டால் சந்தேகமே வேண்டாம். புதாற்று (கல்லணைக் கால்வாய்) பாசனத்து ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் மண் இலகுவானது. அங்கே அரை அடி மேடு போதும். வேதாரண்யம் கரையோர மணலுக்குக் கதையே தலைகீழ். அங்கே பாத்தியைத் தாழ்வாகப் போட்டு, குளத்து வண்டலும் எருவும் சேர்த்துத் தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டும். இனி வருவது களிமண்காரர்களுக்கு.

கோடை மழை ஒன்று விழுந்து நாலைந்து நாள் கழித்து வெட்டுவது சரியான பதம். ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உதிர்ந்தால் வெட்டலாம், சப்பென்று அப்பிக்கொண்டால் இன்னும் ரெண்டு நாள் பொறுங்கள். ஈரக் களியை வெட்டிப் புரட்டினால் ஒவ்வொரு கட்டியும் வெயிலில் செங்கல்லாகிவிடும், அந்த வருஷம் முழுக்க உடையாது.

பாத்தி 3 அடி அகலம், 10 அடி நீளம். இதற்கு மேல் அகலம் வைத்தால் நடுவில் களை எடுக்கப் பாத்திக்குள் காலை வைக்க வேண்டி வரும். மிதித்த களி மறுபடி இறுகும். பாத்திக்குப் பாத்தி நடுவே ஒன்றரை அடி அகலம், முக்கால் அடி ஆழத்துக்கு வாய்க்கால் எடுத்து, அந்த மண்ணைப் பாத்தி மேலேயே போடுங்கள். வாய்க்கால் அடியிலிருந்து மேடு ஒன்றேகால் அடி வரும். மழை அடித்துப் படிந்தபின் ஒரு அடி நிற்கும். வாய்க்கால் ஒவ்வொரு 10 அடிக்கும் ஒன்றிரண்டு அங்குலம் சரிய வேண்டும், கடைசியில் எங்காவது போய் விழவும் வேண்டும். விழ இடமில்லாவிட்டால் கொல்லையின் தாழ்ந்த மூலையில் ஒரு குழி வெட்டி அங்கே சேம்பு நடுங்கள். வாழை வேண்டாம், தேங்கும் தண்ணீர் அதற்கும் ஆகாது. நடுவதற்கு முன் மேட்டு முனையில் நாலு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தை மழை வருவதற்குள் சரி செய்துவிடலாம்.

ஒரு பாத்திக்கு நன்றாக மக்கிய தொழு எரு 40 கிலோ (சுமார் மூன்று கூடை), கருக்கிய உமி ஒரு கூடை, வேப்பம்புண்ணாக்கு ஒரு கிலோ. மேல் அரை அடி மண்ணில் கொத்திக் கலக்கினால் போதும். களியை இளக்குகிறேன் என்று ரெண்டு கூடை மணல் போடாதீர்கள். கொஞ்ச மணல் களியோடு சேர்ந்தால் பூச்சுக்கலவை மாதிரி இறுகும். பயன் தெரிய வேண்டுமானால் பாதிக்குப் பாதி போட வேண்டும், அது நடக்காத காரியம். பச்சை உமியும் வேண்டாம். மக்கும்போது மண்ணின் தழைச்சத்தை அதுவே தின்றுவிடும். அரிசி ஆலையில் கிடைக்கும் உமியில் கறுப்பாகக் கருகியது நல்லது. வெள்ளைச் சாம்பல் காரம், கைப்பிடிக்கு மேல் போகக்கூடாது. மக்காத சாணியைப் போட்டால் சூட்டில் நாற்று கருகும்; கூடவே விரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் வந்து வேரைக் கடிக்கும். எருவைக் கிளறினால் சூடும் நாற்றமும் இருக்கக்கூடாது, மழை மண் வாசனை வர வேண்டும்.

புடலை, பாகல், பீர்க்கு, சுரை, அவரைக்கு ஆடிப் பட்டம். கொடி மழைக்கு முன் பந்தல் ஏறிவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. ஆவணி கடைசிக்குத் தள்ளினால் இளங்கொடி மழையில் மாட்டும். வெண்டை, கத்தரி, கொத்தவரை, தட்டைப்பயறு தைப் பட்டத்தில் சுலபமாக வரும். நடு மழைக்காலத்தில் தண்டுக்கீரை விதைத்தால் மழைத்துளி அடித்து மண்ணோடு மண்ணாக்கிவிடும். அந்த மூன்று மாதத்துக்கு கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி, வல்லாரை. கடைசி ரெண்டும் ஈரமான மூலையிலேயே சந்தோஷமாக இருக்கும்.

பந்தலுக்கு சவுக்குக் கழி போதும். பத்துக்குப் பத்து அடிக்கு ஒன்பது கால், தரைக்கு மேல் ஆறரை அடி, தரைக்குள் ஒன்றரை அடி. புதைகிற பாகத்தைத் தீயில் கருக்கிக்கொண்டால் கரையான் சற்றுத் தள்ளிப் போகும். புடலை, பாகல் விதையை ஒரு இரவு ஊறவைத்து ஓர் அங்குல ஆழத்தில் மூன்று நான்காக ஊன்றி, முளைத்தபின் திடமான ரெண்டை மட்டும் விடுங்கள். பந்தல் எட்டும்வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட வேண்டும்.

முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. கொட்டும், கவலை வேண்டாம். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் இருக்கும். அதுவும் மஞ்சளாகி உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை. கையால் தொட்டுவிடலாம், ஆனால் நேரம் முக்கியம். சுரையும் பீர்க்கும் சாயங்காலம் மலரும், புடலை இருட்டியபின், பாகலும் பூசணியும் விடியலில். காலை பத்து மணிக்குப் போய்ச் சுரைப்பூவைத் தேய்த்துப் பிரயோசனமில்லை.

புடலங்காய் ஒரு சாண் நீண்டதும் நுனியில் நூல் கட்டி நெல்லிக்காய் அளவு கல்லைத் தொங்கவிடுங்கள், சுருளாமல் நேராக இறங்கும். பெரிய கல்லாகக் கட்டினால் காற்றடிக்கும் இரவில் காம்போடு வரும்.

பந்தல் காய்க்கு நிஜமான எதிரி பழ ஈ. கட்டைவிரல் அளவுப் பிஞ்சில் ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி, அதில் பிசின் முத்து. அந்தப் பக்கமாகக் காய் வளையும், நாலு நாளில் உள்ளே புழு நெளியும். மாந்தோப்புக்கு விற்கும் பழ ஈப் பொறியை வாங்கி மாட்டிவிட்டு “வேலையே செய்யவில்லை” என்பவர்கள் உண்டு. மாம்பழத்துக்கு வரும் ஈ வேறு, பாகலுக்கு வரும் ஈ வேறு. அந்த மருந்துக்கு இது வராது. கொடிக்காய்க்கு ‘கியூலூர்’ பொறி என்று கேட்டு வாங்க வேண்டும். வீட்டு முறையென்றால், பாட்டிலின் மேல்பாதியில் பென்சில் பருமனுக்கு ஐந்தாறு துளை போட்டு, ஊறிய கருவாட்டுத் துண்டும் சோப்புத் தண்ணீரும் இட்டுத் தொங்கவிடலாம். வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

பொறியைவிட முக்கியம் சுத்தம். குத்துப்பட்ட, உதிர்ந்த பிஞ்சுகளைத் தினமும் பொறுக்கி வாளித் தண்ணீரில் ஒரு வாரம் மூழ்கடித்து வையுங்கள். எருக்குழியில் போட்டால் நீங்களே ஈ வளர்க்கிறீர்கள் என்று அர்த்தம்; புழு மண்ணுக்குள் போய்க் கூடாகி ஈயாகத்தான் திரும்பி வரும். பந்தலடி மண்ணை வாரம் ஒருமுறை லேசாகக் கொத்திவிட்டுக் கோழியை விடுங்கள். பூ வாடிய ரெண்டாம் நாளே பிஞ்சுக்குப் பழைய வேட்டித் துணியில் உறை போட்டால் அந்தக் காய் தப்பும். காகித உறை மழைக்கு நிற்காது.

கத்தரியில் நுனி தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு. ஓர் அங்குலம் கீழே வெட்டி எரித்துவிடுங்கள். இலையில் சாறு உறிஞ்சும் அசுவிணிப் பூச்சிக்கு வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, துளி காதி சோப்பு கரைத்து மாலை நாலு மணிக்கு மேல் இலையின் அடிப்புறம் படும்படி அடியுங்கள். வெண்டையில் இலை நரம்பு மஞ்சளானால் மருந்து தேட வேண்டாம், பிடுங்கிவிடுங்கள்.

ஊட்டத்துக்கு ஜீவாமிர்தம். 20 லிட்டர் தண்ணீருக்கு சாணம் ஒரு கிலோ, கோமியம் ஒரு லிட்டர், வெல்லம் 200 கிராம், பயறு மாவு 200 கிராம், ஒரு கைப்பிடி கொல்லை மண். நிழலில் வைத்து தினம் ரெண்டு வேளை கலக்கினால் 48 மணி நேரத்தில் தயார், ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து வேர்ப்பக்கம் ஊற்றலாம். மீன் அமிலத்துக்கு மீன் கழிவும் நாட்டுச் சர்க்கரையும் சம எடை. 21 நாள் மூடி வைத்தால் தேன் நிறத்தில் வடியும். லிட்டருக்கு 5 மில்லி தெளிக்கலாம். கழிவை அலசி ஈரத்தோடு போட்டாலோ சர்க்கரையைக் குறைத்தாலோ அழுகி நாறும். நாறினால் செடிக்குக் கொடுக்காமல் குழி வெட்டி மூடிவிடுங்கள்.

கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும், பாத்தி மேல் வெள்ளை பூக்கும். அங்கே அவரை தாங்காது. கொத்தவரையும் பீட்ரூட்டும் ஓரளவு தாங்கும். வைக்கோல் மூடாக்குப் போட்டால் ஆவியாவது குறைந்து உப்பு மேலே ஏறுவதும் குறையும். மண்ணையும் தண்ணீரையும் ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது. திருவாரூர் மாவட்டத்துக்கு நீடாமங்கலத்திலும், நாகைக்குச் சிக்கலிலும் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

மூடாக்கு கோடைக்குத்தான் அமிர்தம். மழை பிடித்ததும் தண்டிலிருந்து ஒரு சாண் விலக்குங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுகும், அடியில் நத்தை குடியேறும். நத்தைக்கு உப்புத் தூவி மண்ணைக் கெடுக்காமல், ஈரச் சாக்கின் கீழ் பப்பாளி இலையை வைத்து, காலையில் கூடியிருப்பதைப் பொறுக்கிவிடுங்கள். புரட்டாசி கடைசி வாரம் வாய்க்காலில் சேர்ந்த சருகையும் சேற்றையும் ஒருமுறை வழித்து, அந்தச் சேற்றைப் பாத்தி ஓரத்திலேயே அணைத்துவிட்டால் மேடு சரியாமல் தை வரை நிற்கும்.