எல்லைப்புறத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் மலையாளம். ஆங்கிலம் மூன்றாவதாக வந்து சேர்கிறது. இதைப் பார்க்காமல், வேறெங்கோ பேர் எடுத்த முறையை அப்படியே கொண்டுவந்து இறக்குவதுதான் முதல் தவறு.

'வகுப்பில் ஆங்கிலம் மட்டும்' என்ற விதி அப்படிப்பட்டது. தமிழ் பேசினால் அபராதம் என்றால் பிள்ளை வாயே திறக்காது. என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு வரியில் சொல்லிவிட்டு, வேலையை ஆங்கிலத்தில் செய்யவிடலாம். அதற்காகப் பாடம் முழுவதற்கும் வரிவரியாகத் தமிழில் அர்த்தம் சொல்லிவிடவும் கூடாது. அப்புறம் காதில் விழுவதெல்லாம் தமிழ்தான்.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கவிடுவது இன்னும் பெரிய தவறு. 'பேட்' என்று எழுதினால் அது கிரிக்கெட் மட்டையா, கெட்டது என்ற சொல்லா, முதுகில் தட்டிக்கொடுப்பதா? ஆங்கிலக் காதுக்கு மூன்றும் வேறு வேறு; தமிழ் எழுத்தில் மூன்றும் ஒன்றே. மலையாளத்தில் இந்த 'ப' வேறுபாட்டுக்கும் (p, b) 'ட' வேறுபாட்டுக்கும் (t, d) தனித்தனி எழுத்து உண்டு. மலையாளம் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அதைக் காட்டியே புரியவைக்கலாம். எல்லையில் பாடம் நடத்துகிறவருக்கு மட்டும் கிடைக்கும் வசதி இது, வீணாக்கக் கூடாது.

'போகிறேன்' என்பது தமிழில் தினமும் போவதற்கும் பொருந்தும், இப்போது போய்க்கொண்டிருப்பதற்கும் பொருந்தும். 'டெய்லி ஐ கோ' என்பதற்குப் பதில் 'டெய்லி ஐ ஆம் கோயிங்' என்று பிள்ளைகள் சொல்வது அதனால்தான். இலக்கண விதியைத் திரும்பத் திரும்ப எழுதவைத்தால் இது போகாது. தினமும் செய்யும் வேலையையும் கண்ணெதிரே நடக்கும் வேலையையும் அடுத்தடுத்துச் சொல்லவைத்தால் மெல்ல மாறும். நடுவில் தடுத்துத் திருத்தவும் வேண்டாம். பேசி முடிக்கட்டும், பிறகு ஒரே ஒரு பிழையை எடுத்துக்கொள்ளுங்கள்.

1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பகுதிப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளில் வல்லுநரான என்.எஸ். பிரபு நடத்திய திட்டம் நமக்கு நன்றாகப் பொருந்தும். இலக்கணப் பாடத்துக்குப் பதில் ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து விடை கண்டுபிடிக்க வைத்தார்கள். கவனம் விடையில் இருக்கும்போது மொழி தானாகப் படியும் என்பது அவர் கருத்து. இங்கே பாலக்காடு–பொள்ளாச்சி பஸ் நேரங்களே போதும். பத்து மணிக்குள் பொள்ளாச்சி சேர எந்த பஸ்ஸில் ஏற வேண்டும்? ஆங்கிலத்தில் கேளுங்கள். முதலில் ஒற்றைச் சொல்லில்தான் பதில் வரும். சரி, அதற்கும் மார்க் கொடுங்கள். முழு வாக்கியமாகச் சொன்னால்தான் ஏற்பேன் என்று நிற்காதீர்கள்.