விரல் ரேகை பதியாத அண்டியாபீஸ் அம்மாமாருக்கு

என் அம்மா குமரி மாவட்டம் கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் ஓர் அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், 31 வருஷம் அண்டி (முந்திரிக்கொட்டை) உடைத்தவர். முந்திரித் தோட்டின் எண்ணெய் தோலை அரிக்கும். சாம்பலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தாலும் விரல் நுனி வெந்து, உரிந்து, கடைசியில் மழமழவென்று ஆகிவிடும். ஒருநாள் ரேஷன் கடை மிஷின் அந்த விரலை ஏற்கவில்லை. காலிப் பையோடு வந்தவர், "எனக்க கை செரியில்ல மக்ளே" என்றார். குறை அம்மாவின் கையில் இல்லை. வேறு வழி காட்டாமல் திருப்பி அனுப்பியதுதான் குறை. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருவர் இருந்தால், அவரைத் தனியாக அனுப்பாதீர்கள்.

முதல் நாள் ராத்திரி விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். வறண்ட விரலில் ரேகை பதிவது இன்னும் கஷ்டம். மிஷின் கண்ணாடியையும் துடைக்க வேண்டும். பத்து விரலையும் வைத்துப் பாருங்கள்; அம்மாவுக்கு இடது மோதிர விரல்தான் கைகொடுத்தது. எந்த விரல் என்று ரேஷன் கார்டு உறையில் எழுதி வைத்திருக்கிறோம்.

பத்தும் பதியவில்லையா, சரி, கருவிழிப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்கு அந்தக் கருவி கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் ஆதாரோடு இணைத்த செல்போனுக்கு ஓடிபி வரவழைக்கக் கேட்கலாம். அதனால் ஆதாரில் பழைய நம்பர் கிடந்தால் முதலில் அதை மாற்றுங்கள். நடக்கவே முடியாதவர் என்றால், அவருக்குப் பதில் இன்னொருவர் பொருள் வாங்க அங்கீகாரச் சான்றுப் படிவம் உண்டு, கடையிலேயே கேட்டு வாங்குங்கள். வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

முதியோர் உதவித்தொகை விஷயத்தில்தான் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். மாதம் 1,200 ரூபாய். கையில் மிஷினோடு ஊருக்கு வரும் வங்கி முகவரிடம் ரேகை வேண்டும். ஆனால் பாஸ்புக்கோடு வங்கிக் கிளைக்கே போனால், பணம் எடுக்கும் சீட்டில் கையெழுத்தோ மையில் கைநாட்டோ போதும். இது தெரியாமல் என் மாமி ஒருத்தி மூன்று மாசப் பணத்தை எடுக்காமலே இருந்தாள். மருந்துக்குக் கடன் வாங்கியிருக்கிறாள். கேட்டபோது எனக்கு வயிறெரிந்தது.

அப்படியும் மறுத்தால் குரலை உயர்த்த வேண்டாம். ரேகை ஒத்துப்போகவில்லை என்பதற்காகத் தகுதியுள்ள யாருக்கும் உதவியை மறுக்கக் கூடாது என்று 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஆதார் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதைச் சொல்லி, மறுப்பை எழுதித் தரக் கேளுங்கள். எழுதித் தரக் கேட்டதும் பல இடங்களில் வேலை நடந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நடக்காவிட்டால் ரேஷன் புகார் எண் 1967க்குப் போன் செய்யுங்கள். அல்லது தாலுகா ஆபீஸில் வட்ட வழங்கல் அலுவலரிடம் மனு கொடுங்கள். கல்குளத்துக்காரர்களுக்கு அது தக்கலையில், விளவங்கோட்டுக்காரர்களுக்குக் குழித்துறையில். கடைசியாக நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ், திங்கட்கிழமை குறைதீர் நாள். மனுவில், அண்டியாபீஸ் வேலையால் ரேகை அழிந்தது என்பதையும் எத்தனை வருஷ வேலை என்பதையும் எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கிளம்பாதீர்கள். அம்மாவுடைய சீட்டு இன்றும் ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து இருக்கிறது.