ராக் பாட்டை சோல் பாடகர் பாடினால், கூட்டமாக உட்கார்ந்து அதை எப்படிக் கேட்பது

மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு சாயங்காலம், பாம்பனில் டீக்கடை பெஞ்சில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான சோலில், சார்லஸ் பிராட்லி பாடிய 'சேஞ்சஸ்' பாட்டை போனிலேயே போட்டுவிட்டேன். பாதிகூட ஓடியிருக்காது, கீழக்கரை காக்கா (எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவர் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். "இது பிளாக் சபாத் பாட்டு தம்பி, இவரு என்னத்துக்கு இந்தக் கத்து கத்துறாரு?" என்றார். பிளாக் சபாத் பிரிட்டனின் ராக் குழு, மூலப் பாட்டு அவர்களுடையது. காக்கா துபாயில் இருபது வருடம் இருந்தவர், அங்கே வாங்கிய கேசட்டுகளை இன்னும் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறவர், அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. தங்கச்சிமடத்து மச்சான் ஒருவரோ இன்னொரு தடவை போடச் சொல்லி என் போனையே பிடுங்கிவிட்டார். அப்புறம் முக்கால் மணி நேரம் சண்டை. பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, உனக்கு இசை தெரியுமா எனக்குத் தெரியுமா என்பதுதான்.

தப்பு என்னுடையது. கேட்க வைத்த விதம் சரியில்லை. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் ரேடியோ செட் கட்டுகிற வேலை என்னுடையது, அப்படிப்பட்டவனே அந்தப் பாட்டை போன் ஸ்பீக்கரில் போட்டிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு பல தடவை இதே மாதிரி கூட்டம் கூட்டிக் கேட்டுவிட்டோம், காக்காவும் வருகிறார். எப்படிச் செய்தால் இந்தப் பிரிவினை நல்ல பேச்சாக மாறுகிறது என்று எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன்.

முதலில் நாளும் இடமும். எங்கள் பக்கம் விசைப்படகுக்காரர்களும் நாட்டுப்படகுக்காரர்களும் ஒரே நாளில் கரையில் இருப்பது அபூர்வம், அதனால் எல்லோருக்கும் தோதாக ஒரு சாயங்காலத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு ஆட்களிடம் நேரம் இருக்கும், ஆனால் அப்போது தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கிளம்பிவிடும், தென்கடல் ஓரமாக உட்கார்ந்தால் காற்றுச் சத்தம் பாட்டைத் தின்றுவிடும். அந்தச் சமயத்தில் வடகடல் பக்கம் போய்விடுங்கள். வாடைக் காலத்தில் இதையே மாற்றிச் செய்யுங்கள்.

ஸ்பீக்கர் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் வெட்டவெளி மணலில் தனியாக வைக்காதீர்கள். சுவரை ஒட்டி வையுங்கள், இல்லையென்றால் கரையேற்றி வைத்திருக்கும் வள்ளத்தின் பக்கவாட்டில் முதுகு கொடுத்து வையுங்கள். அடித்தொனி பின்பக்கமாகச் சிதறிப் போகாமல் நம் பக்கம் திரும்பும். இந்தப் பாட்டுக்கு இது ரொம்ப முக்கியம். பிளாக் சபாத்தின் 'சேஞ்சஸ்' 1972-ல் 'வால்யூம் 4' ஆல்பத்தில் வந்தது. அதில் டிரம்ஸே கிடையாது. பியானோ, மெல்லோட்ரான் என்ற பழைய கீபோர்டு, பேஸ், அதன் மேல் ஆஸி ஆஸ்பர்னின் குரல், அவ்வளவுதான். பியானோவும் குரலும் போன் ஸ்பீக்கரில்கூடத் தப்பிப் பிழைக்கும். பிராட்லியின் பாட்டு நிற்பதோ டிரம்ஸ் மேலும் பேஸ் மேலும். அன்றைக்கு டீக்கடையில் அவை இரண்டுமே கேட்கவில்லை, தரையில்லாமல் ஒரு மனுசன் கத்துவது மட்டும்தான் கேட்டது. காக்கா எழுந்து போனதில் என்ன ஆச்சரியம்?

இன்னொன்று, இரண்டு பதிவின் சத்தத்தையும் காதால் சமப்படுத்துங்கள். கொஞ்சம் கூடுதல் சத்தமாக ஓடுகிற பாட்டுதான் நல்ல பாட்டு என்று நம் காது நினைத்துக்கொள்ளும். ரேடியோ செட் போட்டியில் நாங்கள் தினமும் பார்க்கிற விஷயம் இது.

அடுத்து வரிசை. மூலப் பாட்டை முதலில் போடுங்கள், முழுதாகப் போடுங்கள், நடுவில் யாரும் பேசக் கூடாது. அதை நேசிக்கிறவர் கூட்டத்தில் இருந்தால் இரண்டு நிமிடம் அவரையே பேச விடுங்கள். எங்கள் கூட்டத்தில் காக்கா பேசினார். டிரம்ஸ் வாசிக்கும் பில் வார்டின் திருமணம் முறிந்த சமயத்தில் பிறந்த பாட்டு இது, வரிகளை எழுதியவர் கீசர் பட்லர், எப்போதும் இரும்பு மாதிரி கிட்டார் வாசிக்கும் டோனி ஐயோமி இதில் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு பியானோ முன் உட்கார்ந்திருக்கிறார். "பெரிய சத்தக்காரங்க அடங்கிப்போய் அழுற பாட்டு தம்பி, அதான் அதுல ஒசத்தி" என்றார். இதைக் கேட்ட பிறகு அவர் ஏன் அன்றைக்கு எழுந்து போனார் என்று மச்சானுக்கே புரிந்தது. அடக்கத்தை நேசிக்கிறவரிடம் அடங்காத அழுகையைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம்.

சரி, இப்போது கவரை, அதாவது ஒருவர் பாட்டை இன்னொருவர் பாடிய பதிவைப் போடுங்கள். வீடியோ வேண்டாம். அந்த வீடியோவில் பிராட்லியின் முகம்தான் பெரிதாகத் தெரியும், அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் எதிர்ப்பவர்கூட வாயடைத்துப் போவார். முகத்துக்காக ஒத்துக்கொள்வது வேறு, பாட்டுக்காக ஒத்துக்கொள்வது வேறு. காதால் மட்டும் ஒரு தடவை கேளுங்கள். பிடிக்கவில்லை என்கிறவரிடம் ஏன் என்று கேட்காதீர்கள், எந்த இடத்தில் விட்டுப்போனது என்று கேளுங்கள். ஏன் என்றால் கொள்கை பேசுவார்கள், எந்த இடத்தில் என்றால் பாட்டுக்குள் வந்துவிடுவார்கள். பிடித்தவரிடமும் இதே கேள்விதான், எந்த இடத்தில் பிடித்துக்கொண்டது?

எங்கள் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது தடவை பாட்டு ஓடும்போது பக்கத்து வீட்டுப் பெரியம்மா இறால் உரித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். இங்கிலீஷ் தெரியாது, சோலும் தெரியாது, ராக்கும் தெரியாது. பிராட்லி ஒரு சொல்லை இழுத்து, உடைத்து, திரும்பவும் எடுக்கிற இடத்தில் கையில் இருந்த இறாலோடு அப்படியே நின்றுவிட்டு, "யாருப்பா செத்தது?" என்று கேட்டார். நான் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டேன். அந்தக் கேள்விக்கு மேல் அன்றைக்கு யாராலும் எதுவும் சொல்ல முடியவில்லை.

ஏனென்றால் பதில் உண்மையிலேயே இருக்கிறது. பிராட்லி 1948-ல் பிறந்தவர். அவரைக் கைக்குழந்தையாகவே தாய் விட்டுப் போய்விட்டார், பாட்டிதான் எட்டு வயது வரை வளர்த்தார். சமையல் வேலை, கிடைத்த வேலை என்று காலம் போய், சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் வேஷம் போட்டு மேடையில் பாடிப் பிழைத்து, முதல் ஆல்பம் 2011-ல் வரும்போது அறுபதைத் தாண்டிவிட்டார். விட்டுப்போன அதே தாயை வயதான காலத்தில் கூட இருந்து பார்த்துக்கொண்டதும் அவர்தான். இந்தப் பாட்டைப் பாடும்போது தாயின் நினைவு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பாட்டின் பெயரையே தலைப்பாக வைத்த ஆல்பம் 2016-ல் வந்தபோது தாய் உயிரோடு இல்லை, அடுத்த வருடம் அவரும் போய்விட்டார். மனைவியைப் பிரிந்தவன் பாட்டு, வரிகள் பெரிதாக மாறாமலே, அம்மாவைப் பறிகொடுத்த மகனின் ஒப்பாரியாகிவிட்டது. 'என்னப் பெத்த அம்மா' என்று நம் ஊர் இழவு வீட்டில் எழுகிற குரலில் ராகம் பார்க்கிறவர் யார் இருக்கிறார்கள்? பெரியம்மா காதுக்கு அது எட்டியதற்குக் காரணம் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

ஆகவே கவர் பற்றிப் பேசும்போது நான் கற்றுக்கொண்ட முக்கியமான கேள்வி இதுதான்: இந்தப் பதிவில் யார் யாரிடம் பேசுகிறார்? எது உசத்தி என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு இதைக் கேட்டுப் பாருங்கள், பேச்சே வேறு மாதிரி போகும். சோல் பாடகி அரீதா ஃபிராங்க்ளின் 1969-ல் பீட்டில்ஸின் 'எலினார் ரிக்பி'யைப் பாடியபோது, தூரத்தில் நின்று ஒரு தனிமையான பெண்ணைப் பற்றிச் சொன்ன கதையை, அந்தப் பெண்ணே 'நான்' என்று பேசுவதாக மாற்றினார். ஒரு சொல் மாறியதும் பார்க்கிறவன் பாட்டு பட்டவள் பாட்டாகிவிட்டது. இதைப் பிடிக்காதவர்களும் உண்டு, அந்தத் தூரம்தான் மூலத்தின் அழகு என்பார்கள். நல்ல வாதம், அதையும் உட்கார்ந்து கேளுங்கள்.

காக்காவிடம் நான் இன்னொன்றும் சொன்னேன். ஆஸியே 2003-ல் தன் மகள் கெல்லியோடு 'சேஞ்சஸ்' பாட்டை அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதாக வரிகளை மாற்றிப் பாடினார், அது பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. பாடியவரே பாட்டின் விலாசத்தை மாற்றியிருக்கிறார் என்றால் பிராட்லிக்கும் அந்த உரிமை உண்டுதானே என்று கேட்டேன். காக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. "அது அவரு வீட்டுப் பாட்டு, அவரு மாத்தலாம்" என்றார் கடைசியில். நான் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் அந்தப் பதிலை மதிக்கிறேன்.

"கத்துகிறார்" என்ற புகார் கட்டாயம் வரும். அதற்கு விளக்கம் சொல்வதைவிட நம் கரையில் இருக்கிற ஒன்றைக் காட்டுவது நல்லது. சோல் இசை கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலிருந்து வந்தது. அங்கே ஒருவர் எடுத்துக்கொடுப்பார், கூட்டம் பதில் சொல்லும், பதில் கிடைக்க கிடைக்க எடுத்துக்கொடுப்பவரின் குரல் ஏறும், உடையும். கரைவலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டைக் கேட்டவர்களுக்கு இது புதிதில்லை. வலை கனக்கும்போது எடுத்துக்கொடுக்கிறவர் குரல் மெருகாகவா வரும்? கிழிந்துதான் வரும், அந்தக் கிழிசலில்தான் அடுத்த இழுப்புக்குப் பலம் இருக்கிறது. பிராட்லி பாட்டில் பதில் சொல்கிற கூட்டத்தின் வேலையைப் பித்தளை ஊதுகருவிகள் செய்கின்றன. அவர் ஒரு வரி விட்ட இடத்தில் அவை என்ன சொல்கின்றன என்று மட்டும் கவனித்து ஒரு தடவை கேளுங்கள், தனியாக ஒருவர் கத்துகிற மாதிரி அப்புறம் தோன்றாது.

"வேகத்தை மாற்றிக் கெடுத்துவிட்டார்கள்" என்ற புகாருக்கு 'பிரவுட் மேரி'யைப் போட்டுக் காட்டலாம். கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற ராக் குழு 1969-ல் ஒரே சீராகப் பாடியது. சோல் பாடும் டீனா டர்னரும் கணவர் ஐக்கும் 1971-ல் வெளியிட்டதில் ஆரம்பம் மெதுவாக, முணுமுணுப்பு மாதிரிப் போய், பாதியில் வெறி பிடித்த மாதிரி ஓட்டமெடுக்கும். இதற்குக் கால் தாளம் போடாமல் இருந்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கிட்டார் எங்கே போனது என்று கேட்கிறவருக்கு சோல் பாடகர் ஓடிஸ் ரெடிங். ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாடிஸ்ஃபேக்ஷன்' 1965-ல் வந்த சில வாரங்களிலேயே மெம்ஃபிஸில் அவர் அதைப் பதிவு செய்துவிட்டார், அந்தப் புகழ்பெற்ற கிட்டார் துணுக்கை ஊதுகருவிகளுக்குக் கொடுத்து. அந்தக் கிட்டாரை வாசித்த கீத் ரிச்சர்ட்ஸே அந்த இடத்துக்கு ஊதுகருவிகளைத்தான் மனதில் வைத்திருந்ததாகப் பிற்பாடு சொன்னார். மூலம் என்று நாம் பிடித்துக்கொண்டிருப்பது சில சமயம் மூலக்காரர் நினைத்ததே இல்லை.

ஒரு சாயங்காலத்துக்கு இரண்டு ஜோடிப் பாட்டுகள் போதும், மூன்றுக்கு மேல் காது களைத்துவிடும். ஓட்டெடுப்பு நடத்தவே வேண்டாம், கை தூக்கச் சொன்னால் மனுசர்கள் கட்சி சேர்ந்துவிடுவார்கள். விடிகாலை கடலுக்குப் போகிறவர் இருந்தால் ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். போகும்போது மூலம், கவர் இரண்டையும் எல்லோர் போனிலும் அனுப்பிவிடுங்கள், தனியாகக் கேட்கும்போது காது வேறு மாதிரி வேலை செய்யும். இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த கரை இது, ராத்திரியில் அலைச் சத்தத்துக்கு நடுவே கேட்பது நமக்குப் புதிதில்லை.

காக்காவுக்கு இன்னும் பிராட்லி பதிவு பிடிக்கவில்லை. போன மாதம் மட்டும் ஒன்று கேட்டார், அந்த 'யாருப்பா செத்தது' என்று பெரியம்மா கேட்ட இடம் எத்தனையாவது நிமிடம் என்று. நேரத்தைக் குறித்து அனுப்பினேன். பதில் எதுவும் வரவில்லை, பார்த்துவிட்டார் என்று இரண்டு நீல டிக் மட்டும் விழுந்தது.