பேஸ் 1 ட்ரையலுக்கு கூப்பிட்டா, சைன் போடறதுக்கு முன்னாடி

"இனிமே ரெகுலரா குடுக்கற மருந்து எதுவும் இல்ல, ஒரு ட்ரையல் இருக்கு, பாக்கறீங்களா"ன்னு டாக்டர் கேட்டாரா? எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான் கேட்டாங்க, கேன்சர் லங்ஸ்ல ஆரம்பிச்சு லிவர் வரைக்கும் போயிருந்துச்சு, கூட அலைஞ்சது நான்.

முதல்ல ஒன்னு மண்டைல ஏத்திக்கோங்க. பேஸ் 1ன்னா புது மருந்த மனுஷங்களுக்கு குடுத்துப் பாக்கற முதல் கட்டம், அதுல அவங்க முக்கியமா பாக்கறது மருந்து கேக்குதா இல்லையான்னு இல்ல, எவ்ளோ டோஸ் வரைக்கும் உடம்பு தாங்கும்னுதான். பழைய முறைல 3 பேருக்கு ஒரு டோஸ் குடுத்து 3 இல்ல 4 வாரம் பாப்பாங்க, யாருக்கும் பெரிய பிரச்சன இல்லன்னா அடுத்த 3 பேருக்கு கொஞ்சம் ஏத்துவாங்க, ஒருத்தருக்கு பிரச்சன வந்தா அதே டோஸ்ல இன்னும் 3 பேர். இப்ப வேற கணக்கு முறையெல்லாம் வந்துடுச்சு ஆனா டோஸ படிப்படியா ஏத்தறது அதேதான். அதனால டாக்டர்கிட்ட கேக்க வேண்டிய மொத கேள்வி "நாங்க எத்தனாவது டோஸ் படி?" கீழ் படின்னா மருந்து பத்தாம போகலாம், மேல் படின்னா சைட் எஃபெக்ட் ஜாஸ்தி.

ரெண்டாவது கேள்வி, இந்த மருந்து குறி வைக்கற ஜீன் மாற்றம் நம்ம கட்டியில இருக்கான்னு. 1998ல இமாட்டினிப்ங்கற மருந்துக்கு பேஸ் 1 ஆரம்பிச்சப்போ, ஒரு வகை ரத்தப் புத்துநோய்க்கு 300 மில்லிகிராமும் அதுக்கு மேலயும் எடுத்த 54 பேர்ல 53 பேருக்கு ரத்த கவுன்ட் நார்மலாச்சு, ஏன்னா அந்த நோயையே ஓட்டறது ஒரே ஒரு கெட்ட புரோட்டீன். எல்லா மருந்தும் அப்படி அமையாது. 1991லேருந்து 2002 வரைக்கும் நடந்த 460 கேன்சர் பேஸ் 1 ட்ரையல சேத்துப் பாத்ததுல 100க்கு பத்து பதினோரு பேருக்குத்தான் கட்டி சுருங்கியிருக்கு, சுமார் 200ல ஒருத்தர் மருந்தாலயே இறந்திருக்காங்க. சுருங்கறதும் குணமாகறதும் வேற வேற.

அடுத்து சிடிஆர்ஐ, அதாவது நம்ம நாட்டு ட்ரையல் பதிவேட்டோட நம்பர் வாங்கி அவங்க சைட்ல தேடுங்க. 2009 ஜூன்லேருந்து நம்ம நாட்டு ட்ரையல் எல்லாம் அதுல பதிவாகியே ஆகணும், ட்ரையல நடத்தற ஸ்பான்சர் யாரு, நோயாளி பாதுகாப்ப பாக்கற எத்திக்ஸ் கமிட்டி ஓகே சொல்லிச்சா, எல்லாம் தெரியும். ட்ரையல் மருந்துக்கே காசு கேட்டா உஷாராயிடுங்க, ஸ்கேனுக்கும் பயாப்ஸிக்கும் யாரு கட்டறாங்கன்னும் கேட்டு வச்சுக்கோங்க.

கன்சென்ட் ஃபார்ம், அதாவது நீங்க சைன் போடற சம்மதப் பத்திரத்த தமிழ்ல கேளுங்க, அந்தத் தமிழ் படிச்சா தலை சுத்தும்ங்கறது வேற விஷயம். வீட்டுக்கு எடுத்துட்டு வந்து ரெண்டு நாள் வச்சு படிங்க. அதுல நாமினி பேர், வருஷ வருமானம்னு இடம் இருக்கும், பெரியம்மா அத பாத்துட்டு "என்னடா எல்ஐசி மாதிரி கேக்கறாங்க"ன்னு அழுதுட்டாங்க. பயப்படாதீங்க, ட்ரையலால ஏதாவது ஆச்சுன்னா ஸ்பான்சர் நஷ்டஈடு குடுக்கணும், அதுக்குத்தான் அது. 2019ல வந்த மருந்து ட்ரையல் ரூல்ஸ்படி ட்ரையலால வர்ற பாதிப்புக்கு வைத்தியமும் ஃப்ரீ. எப்ப வேணா வெளிய வரலாம், காரணம் சொல்லத் தேவையில்ல.

சேர்றதுக்கு முன்னாடி ஸ்க்ரீனிங். எழுந்து நடமாடற அளவுக்கு தெம்பு இருக்கணும், லிவர் கிட்னி டெஸ்ட் ஓரளவு சரியா வரணும், கடைசி கீமோ முடிஞ்சு சில வாரம் ஆகியிருக்கணும். இடையில லேகியம், சூரணம் ஏதாவது சாப்பிட்டா மறைக்காதீங்க, லிவர் டெஸ்ட் ஏறினா எதனாலன்னு அவங்களுக்கே புரியாது.

முதல் மருந்து நாள் ரொம்ப நீளம். கையில ஊசி சொருகியே வச்சு, மாத்திரைக்கு முன்னாடி ஒரு தடவ, அப்புறம் அரை மணி, ஒரு மணி, ரெண்டு, நாலு, எட்டுன்னு ரத்தம் எடுத்துட்டே இருப்பாங்க, நர்ஸ் கடிகாரத்தையே பாத்துட்டு நிப்பாங்க. எப்ப சாப்பிடலாம்னு முதல் நாளே கேட்டு வைங்க, எங்களுக்கு யாரும் சொல்லல, கட்டிட்டு போன இட்லி மத்தியானம் வரைக்கும் டப்பாலயே கெடந்துச்சு. ராத்திரி கூப்பிட ஒரு நம்பர் வாங்கிக்கோங்க, காய்ச்சல் 100.4 தாண்டினா விடியட்டும்னு உக்காந்திருக்காதீங்க. வலி மாத்திரையையும் விட்டுடாதீங்க, எது சேரும்னு கேட்டு தொடருங்க.

பெரியப்பாவுக்கு ரெண்டாவது ஸ்கேன்ல கட்டி வளந்திருந்துச்சு, நிறுத்திட்டாங்க. கடைசி விசிட்டுக்கு மிச்ச மாத்திரை, காலி டப்பா எல்லாம் கொண்டு போகணும், எண்ணி வாங்குவாங்க. பெரியம்மா ஒரு டப்பால கடுகு போட்டு வச்சிருந்தாங்க, அத கொட்டிட்டு கழுவி எடுத்துட்டுப் போனேன்.